தொண்ணூற்று மூன்றாவது ஆள்

கிட்னி கொடுத்தவளுக்குத் திட்டுவதற்கும் உரிமை உண்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். கிளாங்கில் பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். தனலெட்சுமி டீச்சரிடம் படித்த பிள்ளைகள் லைசென்ஸ் எடுத்துப் பத்து வருஷம் கழித்தும் ரவுண்ட்அபௌட்டில் ஒழுங்காகச் சிக்னல் போடுவார்கள். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று இன்னமும் திரும்பிப் பார்ப்பதாக ஒருத்தி சொன்னாள். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் தம்பி கமலநாதன் எனக்கு நேரெதிர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பன்னிரண்டாம் மாடியில் வீடு. மனைவி உஷாராணி தாடிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தருகிறவள். அவளும் அவனைப் போலத்தான், சத்தமே வராது. நாற்பத்துமூன்று வயதில் அவனுடைய இரண்டு கிட்னியும் போயின. சர்க்கரையால் இல்லை, கிட்னியிலேயே ஏதோ வீக்கம் என்றார்கள். மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடந்தான். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போய் ரத்தம் கொடுத்துப் பரிசோதனை செய்தேன், பொருந்தியது. ஐம்பத்துநாலு வயதில் என்ன தைரியம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். உங்களில் ஒருத்தர் வந்து கொடுங்களேன், நான் சும்மா இருக்கிறேன் என்றேன். ஒருத்தரும் வரவில்லை.

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் அவனுக்குச் சிறுநீர் பை நிறைய வந்தபோது அந்தப் பையைப் பார்த்து நான் அழுதேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அந்த மதிப்பெண் வந்தது.

ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே ஓர் ஆராய்ச்சிக்கு என்று எங்கள் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் பலருக்குப் புதிதாகச் சர்க்கரை வியாதி வருகிறதாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள மரபணுவைப் பார்க்கிறார்கள். அப்பா அம்மா வழியாக வந்த சின்னச் சின்ன வித்தியாசங்களை ஆயிரக்கணக்கில் கூட்டிக் கடைசியில் ஒரே ஒரு நம்பர் போடுகிறார்கள். எங்கள் டாக்டர் கார்த்திகா ஈப்போக்காரப் பெண், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவள்தான் காகிதத்தை விரித்துவைத்துச் சொன்னாள்.

"நூறு பேரை ரிஸ்க்படி வரிசையா நிக்க வச்சா, அங்கிள் தொண்ணூத்தி மூணாவது ஆள். அதாவது ரிஸ்க் அதிகம்."

"நான் எத்தனாவது?" என்று கேட்டேன்.

"நீங்க இருபத்தொண்ணு, ஆன்டி. ரொம்ப நல்லது."

ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே சோறு. எனக்கு இருபத்தொன்று, அவனுக்குத் தொண்ணூற்று மூன்று. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தின்மேல் கோபப்பட்டேன்.

"இது ஜட்ஜ்மெண்ட் இல்ல, ஆன்டி. முன்னாடியே கவனிக்கறதுக்கு ஒரு வழி, அவ்ளோதான்" என்றாள் டாக்டர். "இந்தக் கணக்கெல்லாம் வெள்ளக்காரங்கள வச்சித்தான் அதிகமா போட்டிருக்காங்க. நம்ம ஆளுங்க கம்மி. அதனால நம்பர அப்படியே பிடிச்சிக்காதீங்க. டாக்ரோவும் ஸ்டீராய்டும் சர்க்கரைய ஏத்தும், அது உண்மதான். அதுக்காக மருந்துல கை வைக்கக் கூடாது. கூட்டறதோ கொறைக்கறதோ நாங்க பாத்துக்கறோம்."

டாக்ரோ என்பது, உடம்பு புதுக் கிட்னியை வேற்றாள் என்று அடித்து விரட்டாமல் பார்த்துக்கொள்கிற மருந்து. காலையில் மூன்று, ராத்திரி மூன்று, சின்னச் சின்ன கேப்சூல். உயிர் இருக்கும்வரை விழுங்கவேண்டும். டாக்டர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோனது இரண்டே விஷயம்தான். அவன் தொண்ணூற்று மூன்றாவது ஆள், அந்த மருந்து வேறு சர்க்கரையை ஏற்றும்.

எங்கள் அப்பா நாகையாவுக்குச் சுங்கை வேயில் ஃபேக்டரி வேலை. சர்க்கரை முதலில் அவர் கட்டைவிரலை எடுத்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு மேலே. கடைசி ஆறு மாதம் கண்ணும் தெரியாமல், என்னையும் தம்பியையும் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அந்தப் பாழாய்ப்போன வியாதி வந்து என் கிட்னியைத் தின்ன நான் விடுவேனா? என் கிட்னி என்றுதான் சொன்னேன், தம்பியின் கிட்னி என்று ஒரு நாளும் என் வாயில் வரவில்லை.

மறுநாளே ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷின் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குத்து, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. மெஷினில் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். சாப்பிட்ட பிறகு பத்துக்குள், இந்தியக் கணக்கில் நூற்றெண்பதுக்குள், இருந்தால் கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நான் எட்டு என்று வைத்தேன். எண்பதில் போ என்றால் தொண்ணூறில் போகிறவர்களைத்தானே தினமும் பார்க்கிறேன். பத்து என்றால் இவன் பதினொன்றுக்குப் போவான்.

எட்டைத் தாண்டினால் உடனே போன் போடுவேன்.

"ராத்திரி என்ன தின்ன?"

"ரெண்டு தோசைக்கா."

"சட்னில சீனி போட்டாளா அவ? போன அவகிட்ட குடு."

"போடலக்கா."

"ஏற்கெனவே மருந்து ஏத்திக்கிட்டு இருக்கு, நீ வேற ஏத்தறியா? என் கிட்னிய சாகடிக்கறதுக்குத்தான் வாங்கிக்கிட்டியா நீ?"

"சரிக்கா. இனிமே பாத்துக்கறேன்."

அவன் எதற்கும் சரிக்கா. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நேரே பிரிக்ஃபீல்ட்ஸ் போவேன். சமையலறை அலமாரியைத் திறந்து மைலோ, கெட்டிப்பால், பிஸ்கட் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வருவேன். உஷாராணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தாடிக்காவில் பரிசாக் குடுத்த ஹேம்பர் கூடை அண்ணி என்று ஒரு நாள் சொன்னாள். புருஷன் முக்கியமா ஹேம்பர் முக்கியமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவள் குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

கிளாங்கில் என் சிநேகிதி ரமணியின் மகள் கல்யாணம். பந்தியில் தம்பி எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாயசம் ஊற்ற வந்தவரிடம், கொஞ்சமா, ஒரு கரண்டி என்று அவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எழுந்துபோய் அவன் கையிலிருந்த கப்பைப் பிடுங்கி அவன் இலையிலேயே கொட்டினேன். சாம்பார், ரசம் எல்லாவற்றோடும் கலந்து ஓடியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. இவனுக்கு நான் கிட்னி குடுத்திருக்கேன், இவன் பாயசம் கேக்கறான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவன் இலையை மூடிவைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். வரும்போது முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தான். நாற்பத்தாறு வயது ஆம்பிளை. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவேண்டியது அவனுக்குத்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து நம்பர் இறங்க ஆரம்பித்தது. ஏழரை, ஏழு எட்டு, ஏழு இரண்டு. பார்த்தீர்களா என்றேன் எல்லாரிடமும். பயம் இருந்தால் எல்லாம் நேராகும். டாக்டர் தொண்ணூற்று மூன்று என்றாள், நான் அதை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன். நல்ல நம்பர் வரும் நாளில் கைதட்டுகிற ஸ்டிக்கர் அனுப்பினேன். அவனும் பதிலுக்குக் கும்பிடுகிற ஸ்டிக்கர் அனுப்புவான். இப்படி ஏழு மாதம் போனது.

போன செவ்வாய்க்கிழமை உஷாராணி போன் செய்தாள். அவன் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே ஓரங்கட்டச் சொல்லி, நான் ஸ்டியரிங்கைப் பிடித்து அவளை வீட்டில் இறக்கிவிட்டுக் கோலாலம்பூருக்குப் பறந்தேன்.

கிட்னி வேலை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உடனே அட்மிட் செய்தார்கள். மறுநாள் ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது என்றாள் டாக்டர் கார்த்திகா. எங்களை வார்டுக்கு வெளியே நிற்கவைத்துக் கேட்டாள்.

"அங்கிள் மருந்து ஒழுங்கா எடுக்கறாரா?"

"அதுல ஒரு கொறையும் இல்ல, டாக்டர்" என்றாள் உஷாராணி. "அவரே டைம் பாத்து எடுத்துக்குவாரு."

"கிளினிக் வர்ற நாள்ல ரத்தத்துல டாக்ரோ அளவு எப்பவும் கரெக்டா இருக்கு. நேத்து திடீர்னு வந்தப்ப எடுத்ததுல அதுல பாதிகூட இல்ல. வீட்ல இருக்கற மருந்து எல்லாத்தையும் கொண்டு வாங்க. எண்ணிப் பாக்கணும்."

லிஃப்ட் இறங்கி, கார் பார்க் கடந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்கிறவரை உஷாராணியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். மருந்து கூடவா பார்த்துக் கொடுக்கத் தெரியாது, பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி நடக்கும், நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தாயா, யார் சொல்லைக் கேட்டுக் கொடுத்தாய். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் மருந்து டப்பாவில் அந்த மாதத்து அட்டைகள் மட்டும்தான் இருந்தன. மிச்சம் அவர் வேலைக்குக் கொண்டுபோற பேக்ல இருக்கும் என்றாள். ஸ்பேனர், டெஸ்டர் எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்க்ரூ போட்டுவைக்கிற ப்ளாஸ்டிக் பெட்டி இருந்தது. திறந்தேன். சின்னச் சின்ன அறைகள். ஸ்க்ரூ இருக்கவேண்டிய இடத்தில் கேப்சூல். அட்டையைக்கூடக் கிழிக்கவில்லை, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி அடுக்கியிருந்தான். எத்தனை நூறு என்று எண்ணக் கை வரவில்லை.

பெட்டிக்குக் கீழே ஒரு கட்டுக் காகிதம். லிஃப்டுக்குச் சர்வீஸ் செய்தால் எழுதுகிற பதிவுத்தாள்தான் அது. தேதி, ரீடிங், செய்த மாற்றம், குறிப்பு என்று கட்டம் போட்டு அச்சடித்தது. மெஷினில் எந்தக் கோளாறு வந்தாலும் எதைத் திருகினால் எது மாறுகிறது என்று எழுதிவைத்துப் பார்ப்பது அவன் வேலைப் பழக்கம். அதையே தன் உடம்புக்கும் செய்திருந்தான். எல்லாம் அவனுடைய குண்டு குண்டுத் தமிழ் எழுத்தில்.

மார்ச் 4. ரீடிங் 9.4. மாற்றம் இல்லை. குறிப்பு: அக்கா திட்டு.

மார்ச் 5. 9.1. மாற்றம் இல்லை. அக்கா திட்டு. உஷாவுக்கும்.

மார்ச் 8. கல்யாணம். ரீடிங் எடுக்கல.

மார்ச் 9. 8.6. ராத்திரி டாக்ரோ ஒண்ணு மட்டும். அக்கா போன், ரெண்டு நிமிஷம்.

மார்ச் 14. 7.5. ராத்திரி டாக்ரோ இல்லை. அக்கா ஓகே.

மார்ச் 15. 7.3. ராத்திரி டாக்ரோ இல்லை. அக்கா ஸ்டிக்கர்.

பக்கம் பக்கமாக அதேதான். அக்கா ஓகே. அக்கா ஓகே. கிளினிக் வருவதற்கு நாலு நாளைக்கு முன்னாலிருந்து மட்டும் முழு மருந்து எடுத்திருக்கிறான். அந்த நாட்களில் நம்பர் ஏறியிருக்கிறது. குறிப்பில் பழைய போட்டோ அனுப்பியாச்சு என்று எழுதியிருந்தது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "முட்டாப்பய" என்றேன். "கிட்னி போனா என்ன ஆகும்னு தெரியாதா இவனுக்கு? அறிவு வேணாம்?"

அப்போதுதான் உஷாராணி வாயைத் திறந்தாள். குரல் ஏறவில்லை. பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்தான்.

"போதும், அண்ணி. கிட்னி குடுத்தீங்க. நாங்க மறக்கல. ஒரு நாளாவது மறக்க விட்டீங்களா? அவரு தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடிகூட போனப் பாக்கறாரு. அந்தக் கல்யாணத்துலேருந்து வந்து பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு ஒரு மணி நேரம் உள்ள இருந்தாரு. அழற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதாம். எனக்குக் கேட்டுச்சி. மருந்த நிறுத்தினது எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கு முன்னாடி நானே அவரக் கொன்னிருப்பேன். ஆனா எதுக்கு நிறுத்தினாருன்னு இதுல எழுதியிருக்கு, படிங்க. ஒவ்வொரு வரியிலயும் ஒங்க பேருதான் இருக்கு."

என் வீட்டுச் சமையலறையில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் வாய்க்கு வந்தபடி திருப்பிக் கொடுத்திருப்பேன். அது அவள் வீடு. அவள் அலமாரியை நான் எத்தனை சனிக்கிழமை காலி செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஆனாலும் கோபம் போய்விடுமா? பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் டாக்டர் கார்த்திகாவைப் பிடித்தேன். பதிவுத்தாளை அவள் மேஜையில் போட்டேன்.

"ஒங்கள யாரு அந்த நம்பர சொல்லச் சொன்னா? அது தெரியாம இருந்திருந்தா நாங்க நிம்மதியா இருந்திருப்போம்."

அவள் எல்லாப் பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். படித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டர் அழுதால் அப்புறம் யாரைத் திட்டுவது?

"நம்பர சொன்னப்பவே மருந்துல கை வைக்காதீங்கன்னும் சொன்னேன், ஆன்டி. நீங்க தலையாட்டினீங்க. அவரு அன்னிக்கு என்ன பாக்கல, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. அத நான் கவனிச்சிருக்கணும். அவரத் தனியா கூப்ட்டுப் பேசியிருக்கணும், பேசல."

"இப்ப என்ன ஆகும்?"

"மூணு நாள் ஸ்டீராய்டு பெரிய டோஸ்ல நரம்பு வழியா போடறோம். அதுல சர்க்கரை தாறுமாறா ஏறும். இன்சுலின் குடுத்துப் பாத்துக்கலாம். இப்ப சர்க்கரை பெரிய விஷயமில்ல. கிட்னி எவ்வளவு திரும்பும்னு தெரியல. பாதி திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்."

ஏழு மாதம் நான் எட்டுக்கு மேல் போகவிடாமல் காவல் காத்தது எல்லாம் இப்போது பெரிய விஷயமில்லையாம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவனைத் தனியாகப் பார்த்தேன். உஷாராணி சாப்பிடக் கீழே போயிருந்தாள். முகமெல்லாம் உப்பி, கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. திட்டக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தவுடன் அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்றான். ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கிற மாதிரி. அது எனக்குத் தாங்கவில்லை.

"படு லா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

படுத்துக்கொண்டான்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"சொன்னா திட்டுவக்கா."

"நாலு வார்த்த திட்டினா கேட்டுட்டுப் போ. கிட்னி போனா மறுபடி டயாலிசிஸ்தான. வாரத்துக்கு மூணு நாள். தெரியுமா தெரியாதா?"

குரல் ஏறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

கமலநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். லிஃப்டில் என்ன கோளாறு என்று கேட்டால் சொல்வானே, அந்த மாதிரி நிதானமாகத்தான் பதில் சொன்னான்.

"தெரியும்க்கா. மூணு வருஷம் இருந்தேன்ல. கஷ்டந்தான். ஆனா அங்க என்ன யாரும் திட்டல."

அவன் வீங்கிய காலின்மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். சின்னப் பெண், கையில் ரத்தச் சர்க்கரை மெஷின். "அங்கிள், கைய குடுங்க" என்றாள்.

அவன் ட்ரிப் ஏறாத கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"வலிக்காது அங்கிள், ஒரு குத்துதான்."

"வலிக்காகச் சொல்லல, மிஸ்." அவன் என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பான். "எங்க அக்கா வெளிய போவட்டும். அப்புறம் எடுங்க."

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தினேன்.